சிற்றூர்க் கோயிலின் மணி
ஜார்ஜ் ஹெர்பர்ட் வாழ்க்கை

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பெயர் புதிதன்று. ஜான் டன்னுக்கு அடுத்தபடியாகப் பாடத்திட்டத்தில் அவர் இடம் பெறுவார். இரண்டொரு பாட்டுக்களோடு நாம் அவரைக் கடந்து போய்விடுவோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அவர் பாட்டெழுதிய அந்த ஊரும், அங்கே நாள்தோறும் இருமுறை அவர் அடித்த மணியும் பாடத்திட்டத்தில் இல்லை. பாட்டை விட்டுவிட்டு அந்த மணியைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று. கலைமகளும் திருமகளும் ஒருங்கே கைகொடுத்த ஓர் இளைஞர் ஏன் ஒரு குக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்? போய் என்ன செய்தார்? சொந்த ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, பட்டத்தையும் பதவியையும் எண்ணிக் கொண்டிருக்கும் நமக்கு இக்கேள்வி அவ்வளவு அந்நியமானதன்று.

1593ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டு மாண்ட்கமரியில் ஹெர்பர்ட் பிறந்தார். குடும்பம் பழம்பெருங்குடி. மூன்று வயதிலேயே தந்தை மறைந்தார். பத்துப் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிய பெருமை தாய் மேக்டலன் அம்மையாருடையது. கல்வியறிவும் கண்டிப்பும் நிறைந்த அந்த அம்மையாரின் வீட்டுக்குப் புலவர்கள் வந்து போனார்கள்; ஜான் டன் அவருடைய நெருங்கிய நண்பர். மூத்த மகன் எட்வர்டு பிற்காலத்தில் பாரிஸில் தூதராகவும் தத்துவ நூலாசிரியராகவும் விளங்கினார். மற்றொரு மகன் ஹென்றிக்கு அரசவையின் கேளிக்கைகளை மேற்பார்க்கும் வேலை; லண்டனில் எந்த நாடகம் மேடை ஏறவேண்டுமானாலும் அவர் கையெழுத்து வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு என்ன எதிர்காலம் காத்திருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம்.

வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்துவிட்டு 1609இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1613இல் பி.ஏ., 1616இல் எம்.ஏ., கல்லூரியில் ஆய்வாளர் பதவி, 1618இல் அணியிலக்கண விரிவுரையாளர் பதவி. 1620இல் பல்கலைக்கழகத்தின் பொதுப் பேச்சாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியின் மதிப்பை இன்று நாம் எளிதில் உணர முடியாது. அரசர் வந்தால் லத்தீனில் வரவேற்பவர் அவர். அமைச்சர்களுக்கும் பிரபுக்களுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரால் கடிதம் எழுதுபவர் அவர். நம் சங்கத்தில் நாவன்மை மிக்க நண்பர்கள் பலர் உண்டு. ஓர் அரசரே பேச்சைக் கேட்டு மயங்கினார் என்றால் அவர்களும் சற்றுப் பொறாமைப்படுவார்கள். முதலாம் ஜேம்ஸ் அரசர் தம் நூலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோது நன்றி கூறி எழுதியவர் ஹெர்பர்ட்தான். பிரான்சிஸ் பேக்கன் தம் பெருநூலை லத்தீனில் ஆக்க அவர் துணையைப் பெற்றார். 1625இல் தாம் மொழிபெயர்த்து வெளியிட்ட சில சங்கீதங்களை அவருக்கே காணிக்கையாக்கினார். அவருக்கு முன் அப்பதவி வகித்தவர்கள் அரசின் உயர்பதவிகளுக்குச் சென்றிருந்தார்கள். அந்தப் படியில் ஹெர்பர்ட்டும் கால் வைத்து நின்றார். நல்ல உடை, நல்ல குதிரை, அரண்மனை நட்பு ஆகியவற்றில் அவருக்கு விருப்பம் இருந்தது என்பதை அவரை மிகவும் போற்றி எழுதியவரும் மறைக்கவில்லை.

1624இல் மாண்ட்கமரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் அந்த ஓராண்டுக் காலத்தில் அவரைத் தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஆதரவாளராக இருந்த ரிச்மண்டு பிரபு 1624இல் இறந்தார். ஹாமில்டன் பிரபுவும் ஜேம்ஸ் அரசரும் 1625 மார்ச்சில் இறந்தனர். உடலும் தொடக்கத்திலிருந்தே நோஞ்சான். ஏறத்தாழ இக்காலத்தில்தான் அவர் திருச்சபையில் உதவிகுருப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் அரசுப் பதவிக்கான கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆசை நிறைவேறாததால் திருச்சபைக்குப் போனாரா, திருச்சபைமேல் கொண்ட பற்றால் ஆசையை விட்டாரா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். என் கருத்தில் இரண்டுமே இருந்திருக்கும்; ஒரு மனிதனின் முடிவுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது. அவருடைய பாட்டுக்களிலேயே இந்தப் போராட்டம் வெளிப்படையாக இருக்கிறது. ‘கழுத்துப்பட்டை’ என்று பொருள்படும் தலைப்புடைய பாட்டு, இறைவனோடு சினந்து சண்டையிடும் பாட்டு. சாந்தமே உருவான சாது எழுதியதன்று அது.

1626இல் லெய்ட்டன் பிராம்ஸ்வோல்டு என்ற ஊரின் வருவாய் அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்த கோயில் இடிந்து, வழிபாடு நடத்த முடியாத நிலையில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. பாவம், நோயாளி, கையிலும் பணமில்லை, இந்த வேலை உனக்கு ஏன் என்று தாய் தடுத்தார். மற்ற எல்லாவற்றிலும் தாய்சொல் தட்டாத அம்மகன் இதில் மட்டும் தட்டினார். உறவினரிடமும் நண்பரிடமும் பணம் திரட்டிக் கோயிலைக் கட்டி எழுப்பினார். அங்கே அவர் செய்த ஒரு சிறு ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. பிரசங்க பீடத்தையும் ஜெபம் வாசிக்கும் மேடையையும் ஒரே உயரத்தில் அமைக்கச் செய்தார். பிரசங்கமே பெரிது, ஜெபம் அதற்கு முன்னுரை என்று ஒரு சாராரும், பிரசங்கம் இல்லாவிட்டாலும் குறையில்லை என்று மற்றொரு சாராரும் நாடெங்கும் பூசலிட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஹெர்பர்ட் தச்சனைக் கொண்டே அதற்கு விடை சொல்லிவிட்டார்.

1627இல் தாய் இறந்தார். டன் நினைவுப் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டில் பொதுப் பேச்சாளர் பதவியை ஹெர்பர்ட் விட்டார். 1629 மார்ச்சில் ஜேன் டான்வர்ஸ் என்ற அம்மையாரை மணந்தார். 1630 ஏப்ரல் 26ஆம் நாள் ஃபகிள்ஸ்டன், பெமர்ட்டன் என்ற இரண்டு ஊர்களும் சேர்ந்த சேகரத்தின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

பெமர்ட்டன், சால்ஸ்பரி நகரத்துக்கும் வில்ட்டன் மாளிகைக்கும் இடையே நாடர் ஆற்றங்கரையில் உள்ளது. மாளிகையில் வாழ்ந்த பெம்புரோக் பிரபுக்கள் ஹெர்பர்ட்டின் உறவினர். ஆனால் கோயிலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உழவர்கள், இடையர்கள், கூலிகள். புனித அந்திரேயா கோயில் ஒரு பெரிய வீட்டின் கூடம் அளவுதான் இருக்கும். குருவின் வீடு தெருவுக்கு எதிர்ப்புறம். அவ்வீடு பாழடைந்து கிடந்தது. தம் சொந்தச் செலவில் அதைப் புதுப்பித்துக் கட்டினார்.

பொறுப்பேற்கும் குரு கோயிலுக்குள் தனியே சென்று கதவைத் தாழிட்டு மணியடிக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். ஹெர்பர்ட் உள்ளே சென்று நெடுநேரம் ஆகியும் வெளியே வரவில்லையாம். வெளியே காத்திருந்த நண்பர் ஒருவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, திருப்பீடத்தின் முன் அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாராம். இதைச் சொல்பவர் ஐசக் வால்ட்டன். மீன்பிடித்தலைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றவர். 1670இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறே ஹெர்பர்ட்டைப் பற்றி நமக்குள்ள முதல் பெருஞ்சான்று. வால்ட்டனுக்குத் தம் தலைவரைத் தெய்வமாக்கும் விருப்பம் மிகுதி; ஆகவே அவர் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ளவேண்டும். நல்லவேளையாக, ஹெர்பர்ட்டே ஒரு நாட்டுப்புறக் குரு எப்படி நடக்க வேண்டும் என்று உரைநடையில் ஒரு நூல் எழுதினார். அதன் முன்னுரை 1632ஆம் ஆண்டு தேதியிட்டது. கோயில் வேலை அதில் நுணுக்கமாக விரிகிறது. அவர் தாமே செய்ததையெல்லாம் எழுதினார் என்று சொல்ல முடியாது. செய்ய எண்ணியதை எழுதினார் என்று சொல்லலாம்.

இனி அந்த மணிக்கு வருவோம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப்புத்தகம், குருமார் நாள்தோறும் காலையும் மாலையும் ஜெபம் சொல்லவேண்டும் என்று விதித்திருந்தது. ஊரில் இருக்கும் குரு அதைக் கோயிலிலேயே சொல்லவேண்டும். விரும்புவோர் வந்து சேரும்படி தொடங்குவதற்குச் சற்று முன்னால் மணியடிக்கவேண்டும். விதி இருந்தது, நடைமுறை இல்லை. பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகைகளும் தவிர மற்ற நாட்களில் கோயில் பூட்டியே கிடந்தது. ஞாயிறன்று வராதவருக்கு 12 பென்ஸ் தண்டம் என்று சட்டம் இருந்ததால் அன்று கூட்டம் சேரும். பக்தியால் எத்தனை பேர் வந்தார்கள், தண்டத்துக்கு அஞ்சி எத்தனை பேர் வந்தார்கள் என்று யார் கண்டார்? ஆனால் வாரநாளில் ஏரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு வா என்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

ஹெர்பர்ட் அந்த விதியை அப்படியே எடுத்துக் கொண்டார். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மணி ஒலிக்கும். தம் மனைவி, தம்மிடம் வளர்ந்த தாய்தந்தையற்ற மூன்று சகோதரி மகள்கள், வேலையாட்கள் ஆகிய எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து கோயிலுக்குள் செல்வார். முதலில் அந்த ஒரு வீட்டார்தாம் சபை. பிறகு ஊரார் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். வர இயலாத உழவர்கள், மணியோசை கேட்டதும் கலப்பையை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஜெபித்துவிட்டு மீண்டும் உழுவார்களாம். இதுவும் வால்ட்டன் சொல்வதுதான். ஊர் முழுதும் அப்படி நின்றிருக்காது. ஒருவன் நின்றிருந்தாலும் எனக்கு அது பெரிதாகவே தோன்றுகிறது.

அந்த ஜெபத்தில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் அறிந்தால்தான் அதன் பயன் விளங்கும். முதலில் எல்லோரும் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை செய்வர். குரு பாவமன்னிப்புக் கூறுவார். பின் சங்கீதங்கள். 150 சங்கீதங்களையும் முப்பது நாளைக்குக் காலை, மாலை என்று அறுபது பங்காகப் பிரித்திருந்தார்கள். மாதந்தோறும் முழுச் சங்கீத நூலும் ஒருமுறை முடிந்து மீண்டும் தொடங்கும். அதன்பின் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பாடம், புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு பாடம். இந்த முறைப்படி ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும், மும்முறை புதிய ஏற்பாடும் வாசித்து முடியும். பின் விசுவாசப் பிரமாணம், சிறு ஜெபங்கள். எழுத்தறியாத ஓர் உழவன் நாள்தோறும் வந்தால் பத்தாண்டில் நூற்றிருபது முறை சங்கீதங்களைக் கேட்டிருப்பான். அவன் வீட்டில் புத்தகம் இராது. அவன் நெஞ்சே புத்தகமாகிவிடும். இதே ஜெபப்புத்தகம் பிற்காலத்தில் தமிழிலும் ஆக்கப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் ஓதப்பட்டது. அப்பக்கத்து நண்பர்களுக்கு விடியற்காலைக் கோயில் மணியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கேட்பதோடு நின்றுவிடக்கூடாது என்பது ஹெர்பர்ட்டின் கருத்து. குரு ஒரு வரி சொன்னால் சபை மறுவரி சொல்லவேண்டும். தலையைச் சொறிந்துகொண்டும், இருமித் துப்பிக்கொண்டும், கொட்டாவிக்கு நடுவிலும் பதில் சொல்லக்கூடாது. அவசரப்படாமல், சொல்லும் சொல்லை எண்ணிச் சொல்லவேண்டும் என்று தம் நூலில் வற்புறுத்துகிறார். பெரிய மனிதர்கள் பாதி ஜெபத்தில் ஆடம்பரமாக உள்ளே நுழைவதை அவர் சிறிதும் பொறுக்கவில்லை. சொல்லியும் திருந்தாதவர்கள்மேல் திருச்சபை அதிகாரிகளிடம் முறையிடவும் வேண்டும் என்கிறார். அன்பே வடிவானவர் என்று மட்டும் அவரைக் காட்டும் படங்களில் இந்தக் கண்டிப்பு தெரிவதில்லை.

சடங்கு எதற்காக என்று தெரியாமல் செய்வது கிளிப்பிள்ளைத்தனம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஆகவே பாவ அறிக்கை ஏன் முதலில் வருகிறது, சங்கீதத்தை ஏன் மாறிமாறிச் சொல்கிறோம், இந்தப் பண்டிகை ஏன் இந்த நாளில் வருகிறது என்று ஒவ்வொன்றையும் பிரசங்கங்களில் விளக்கினார். அவருடைய முதல் பிரசங்கம் கேம்பிரிட்ஜ் பேச்சாளருக்கு ஏற்ற சொல்லலங்காரத்தோடு இருந்ததாம். அதன் முடிவிலேயே, இனி இப்படிப் பேசப்போவதில்லை, எளிமையாகவே பேசுவேன் என்று ஊராருக்கு உறுதி கூறிவிட்டார். பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. ஒரு மணி நேரமா என்று நாம் மலைக்கலாம். அந்தக் காலத்துக்கு அது சிக்கனம்! நாட்டுப்புறத்தார் மனம் கனமானது, எளிதில் பற்றாது. கதையும் பழமொழியும் சொன்னால் நினைவில் நிற்கும் என்று அவர் கண்டிருந்தார். பழமொழிகளை அவர் தொகுத்தும் வைத்திருந்தார். அவர் பெயரால் ஒரு பழமொழித் திரட்டு 1640இல் வெளிவந்தது.

ஞாயிறு பிற்பகல் வினாவிடை வகுப்பு. அச்சிட்ட கேள்வியை அச்சிட்டபடியே கேட்டால் பிள்ளைகள் மனப்பாடத்தை ஒப்புவிப்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றிமாற்றிக் கேட்கவேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அவர்களையே நடத்திச் செல்லவேண்டும். அறிவிலியென்று தோன்றும் உழவனும் சரியான கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிடுவான் என்கிறார். சாக்ரட்டீசின் முறையை அவர் நினைத்தே எழுதுகிறார். ஏதென்ஸ் நகரத்து இளைஞர்களோடு தத்துவர் நடத்திய உரையாடல், கலப்பையும் வாளியும் உவமையாக ஒரு கிராமத்துக் கோயிலில் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள்!

திருவிருந்தை மாதந்தோறும் நடத்தவேண்டும் என்பது அவர் விருப்பம். பல ஊர்களில் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைதான் நடந்தது. மாதம் ஒருமுறை முடியாவிட்டால் ஐந்தாறு முறையாவது வேண்டும் என்று கூறி, காலங்களையும் குறிக்கிறார்: ஈஸ்டர், கிறிஸ்துமஸ், அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின், தபசுகாலத் தொடக்கம். பஞ்சாங்கத்தில் பாதி வேதத்திலிருந்தும் பாதி வயலிலிருந்தும் எடுத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஊர் எல்லையைச் சுற்றிவந்து வயல்களுக்கு ஆசி கூறும் ஊர்வலத்தையும் அவர் விடாமல் காத்தார். சீர்திருத்தக்காரர் சிலர் அதைப் பழைய மூடவழக்கம் என்று ஒதுக்கினார்கள். அவர் சொன்ன காரணங்களோ மிக நடைமுறையானவை: விளைவுக்கு இறைவன் ஆசி, எல்லைக்கல் தகராறு வராது, சேர்ந்து நடப்பதால் பகைத்தவர்கள் பேசிக்கொள்வார்கள், அன்று ஏழைகளுக்குக் கொடை கிடைக்கும். வராதவனைப் பற்றி மட்டும் அவருக்குக் கோபம்.

கோயிலில் தூசியும் ஒட்டடையும் இருக்கக்கூடாது, சன்னல்களுக்குக் கண்ணாடி வேண்டும், இருக்கைகள் உடையாமல் இருக்கவேண்டும், திருநாளில் இலைதழைகள் தூவி நறும்புகை இடவேண்டும் என்றெல்லாம் ஒரு வீட்டுக்காரியைப் போலக் கவலைப்படுகிறார். அவர் பாட்டுக்களின் தலைப்புகளைப் பார்த்தால் இந்தக் கவலையின் மறுபக்கம் தெரியும். கோயில் தரை, கோயில் பூட்டும் சாவியும், சன்னல்கள், பலிபீடம், காலை ஜெபம், மாலை ஜெபம், ஞாயிற்றுக்கிழமை. துடைப்பமும் எழுதுகோலும் அவர் கையில் ஒன்றாகவே இருந்தன.

வாரத்தில் இருமுறை சால்ஸ்பரிப் பேராலயத்துக்கு நடந்து சென்று இசை கேட்பார். நண்பர்களோடு கூடித் தாமும் வாசிப்பார். ஒருநாள் வழியில் ஓர் ஏழையின் குதிரை சுமையோடு விழுந்து கிடந்தது. ஹெர்பர்ட் மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சுமையை இறக்கி, குதிரையைத் தூக்கிவிட்டு, மீண்டும் சுமையை ஏற்ற உதவினார், பணமும் கொடுத்தார். எப்போதும் தூய்மையாக வருபவர் சேறும் சகதியுமாக வந்து நிற்பதைக் கண்டு நண்பர்கள் திகைத்தார்கள். ஒருவர் இது உமக்குத் தகுமா என்றும் கேட்டார். நள்ளிரவில் விழிக்கும்போது இந்த நினைவே தமக்கு இசையாக இருக்கும் என்று விடை கூறிவிட்டு வீணையைச் சுருதி கூட்டினாராம். ஜேன் அம்மையாரும் இதில் குறைந்தவரல்லர். ஊருக்கு வந்த புதிதில், குருவிடம் குறை சொல்ல வந்து பேச்சு வராமல் நடுங்கிய ஒரு கிழவியின் கையைப் பிடித்து ஹெர்பர்ட் ஆறுதல் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட அம்மையார் மறுநாளே அவளுக்கு இரண்டு கம்பளிகள் அனுப்பினார். வீட்டுத் தோட்டத்து மூலிகைகளைக் கொண்டு நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதும் குருவின் வீட்டார் கடமை என்பது ஹெர்பர்ட் நூலில் உள்ள செய்தி.

இத்தனையும் நடந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில்! 1630 செப்டம்பர் 19ஆம் நாள்தான் சால்ஸ்பரிப் பேராலயத்தில் அவர் முழுக் குருப்பட்டம் பெற்றார். 1632 குளிர்காலத்துக்குள் எலும்புருக்கி நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. தெருவைக் கடந்து செல்லவும் வலிமையில்லை. இருந்தும் மணி நிற்கவில்லை; உதவிகுருவாக இருந்த பாஸ்டக் ஜெபத்தை ஏற்றுக் கொண்டார். இறப்பதற்கு முந்திய ஞாயிறு படுக்கையிலிருந்து எழுந்து இசைக்கருவியை வாங்கி, அதைச் சுருதி கூட்டித் தம் பாட்டொன்றைப் பாடினார். 1633 மார்ச் 1ஆம் நாள் உயிர் பிரிந்தது. நாற்பது வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. மூன்றாம் நாள் அந்தச் சிறு கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

இறக்குமுன் பாட்டுக்களின் கைப்பிரதியை லிட்டில் கிடிங் ஊரிலிருந்த நண்பர் நிக்கோலஸ் ஃபெராருக்கு அனுப்பினார். துயருற்ற ஏதேனும் ஓர் உள்ளத்துக்குப் பயன்படும் என்று தோன்றினால் அச்சிடுக, இல்லையேல் எரித்துவிடுக என்பது அவர் சொல்லியனுப்பியது. ஃபெரார் எரிக்கவில்லை. அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் ‘ஆலயம்’ என்னும் பெயரோடு நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இரண்டாம் பதிப்பும் தேவைப்பட்டது. ஜேன் அம்மையார் மறுமணம் செய்துகொண்டு போன ஹைனம் மாளிகையில் பாதுகாத்த மற்ற ஏடுகள், உள்நாட்டுப் போரில் மாளிகையோடு எரிந்தன.

அந்தப் போர் ஏடுகளை மட்டும் எரிக்கவில்லை. 1645இல் நாடாளுமன்றம் பொது ஜெபப்புத்தகத்தையே தடை செய்தது. கோயிலிலோ வீட்டிலோ அதை ஓதுவது குற்றமாயிற்று. ஓத மறுத்தவர்கள் போய், ஓதியவர்கள் தண்டம் கட்டினார்கள். வேலையிழந்த குருமார்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அந்த இருண்ட காலத்தின் நடுவில், 1652இல், ஹெர்பர்ட்டின் நாட்டுப்புறக் குரு பற்றிய நூல் முதன்முதலாக அச்சேறியது. எழுதியபோது வழிகாட்டியாக இருந்த நூல், அச்சேறியபோது இழந்துபோன ஒன்றின் வரைபடமாகிவிட்டது. குருவின் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் படித்தவர்கள், மணியடிக்கும் அத்தியாயங்களை எந்த மனநிலையில் படித்திருப்பார்கள்!

1660இல் அரசு திரும்பியது. 1662இல் ஜெபப்புத்தகம் திருத்தப்பெற்று மீண்டும் வெளிவந்தது. ஊரில் இருக்கும் குரு நாள்தோறும் கோயிலில் ஜெபம் சொல்லவேண்டும், தொடங்குமுன் மக்கள் வந்து சேரும்படி மணியடிக்கவேண்டும் என்ற பழைய விதி அதன் முன்பகுதியில் அப்படியே இருந்தது.